கர்னலின் கைநெசவுக் கோட்டு

லிட்டில்டன் வேரிங் புகையிலைப் பண்ணைக்காரர் ஆனதற்கு இருந்த ஒரே தகுதி, அப்பா செத்துப்போனது. விர்ஜீனியாவில் அது போதும். ஆற்றங்கரை நிலம், அதில் பாடுபட அடிமைகள், ஊர்ப்படையில் கர்னல் பட்டம் எல்லாம் சவப்பெட்டி இறங்கிய கையோடு அவர் மடியில் வந்து விழுந்தன. புகையிலையை அவர் தொட்டது மூக்குப்பொடியாக மட்டுமே. சட்டசபை இடமும் அப்பா வழிச் சொத்து என்றுதான் நினைத்திருந்தார்.

இங்கிலாந்து ராஜா தேயிலைக்கு வரி போட்டதும் அந்த நினைப்பில் மண் விழுந்தது. லண்டன் சரக்கைத் தொடாதவனுக்கே ஓட்டு என்று மாவட்டமே முறுக்கிக்கொண்டது. தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஜெத்ரோ பிம், உள்ளூரில் நெய்த முரட்டுத் துணியில் ஊர் சுற்றினார். வேரிங்கும் ஒரு கோட்டு தைத்துக்கொண்டார். போட்ட அன்றே உடம்பெல்லாம் அரிப்பு. பணிவிடை செய்யும் அடிமை மிங்கோவைக் கூப்பிட்டார்.

“டேய், இதுக்குள்ள என் லண்டன் பட்ட வெச்சுத் தை.”

“எஜமான், யாராச்சும் பாத்துட்டா?”

“என் கோட்டுக்குள்ள எவன்டா தலைய விடப் போறான்?”

தேர்தலன்று நீதிமன்ற முற்றத்தில் வேட்பாளர்கள் இருவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நிலமுள்ளவன் ஒவ்வொருவனும் வந்து தன் ஆளின் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். அந்த ஆள் எழுந்து குனிந்து நன்றி சொல்லவேண்டும். கர்னலின் முதுகு வளைந்து ஊர் பார்ப்பது அன்றைக்கு மட்டும்தான். வெயில் கொளுத்தியது, அவர் செலவில் ரம் ஓடியது. சாயங்காலம் இருவரும் சமம். கடைசியாகத் தள்ளாடி வந்தவன் கொல்லன் டன்ஸ்டல்.

“கர்னலய்யா, குதிர மாதிரி வேர்க்குதே உங்களுக்கு! கோட்டக் கழட்டுங்க. நம்ம ஊர்த் துணி எப்டி இருக்குன்னு நானும் பாக்குறேன்.”

மறுத்தால் ஓட்டு போயிற்று. கழற்றினார். டன்ஸ்டல் வாங்கிப் புரட்டினான். நீலப் பட்டு பளபளத்தது.

“அடேங்கப்பா! வெளிய நம்ம ஊரு, உள்ள லண்டனா?”

முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. வெளிறிப்போன வேரிங், பக்கத்தில் நின்ற மிங்கோவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

“என்னக் கேக்காமலே தச்சியாடா, நாயே? நாளைக்கு உனக்குக் கசையடி!”

டன்ஸ்டல் நீட்டிய கோட்டை மிங்கோ வாங்கிக்கொண்டான். உண்மையைச் சொன்னாலும் அடிமை சொல்லை அங்கே யார் கேட்பது?

“அதானே பாத்தேன்! நம்ம கர்னலு அப்டிப்பட்டவரா?” என்ற டன்ஸ்டல், தொண்டை கிழியக் கத்தினான்: “லிட்டில்டன் வேரிங்!”

கர்னல் குனிந்தார். அடுத்த நொடி மேசைமேல் ஏறிவிட்டார்.

“விசாரணையே இல்லாம நம்மளத் தண்டிக்கிறதுக்கு நாம என்ன ராஜாவோட அடிமைங்களா?”

கூட்டம் ஆர்ப்பரித்தது. கீழே கோட்டை ஏந்திக்கொண்டு நின்றான், கன்னம் வீங்கிய மிங்கோ. மறுநாள் கசையடி விழுந்தது. கர்னல் சொன்ன சொல் தவறாதவர்.

அடுத்த ஆண்டு ராஜாவின் கவர்னர், ராஜாவை எதிர்த்துக் கிளம்பிய கலகக்காரர்களின் அடிமைகள் தன் பக்கம் வந்து துப்பாக்கி பிடித்தால் விடுதலை என்று அறிவித்தார். மிங்கோ ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறிவிட்டான். அந்தக் கோட்டும் காணோம்.

சேதி வந்தபோது கர்னல் சபையில் சுதந்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது அவருக்கு. பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பெத்த புள்ள மாதிரி வெச்சிருந்தேனே, அய்யா. அவனுக்கு இங்க என்ன கொறச்சல்?”