கட்டி இழுக்கப்படாத கார்

நோர்பர்ட் வான்டிஹே காகித ஆலையில் எனக்கு அடுத்த இயந்திரத்தில் நின்றவர். ஓய்வு பெறும்வரை அவசரப்பட்டு அவர் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இங்கிலாந்து வண்டி. இரண்டு பேர் உட்காரலாம். ஒருவர் நோர்பர்ட்டாக இருந்தால் ஒன்றரைப் பேர். பனிக்காலம் நீளும் விஸ்கான்ஸினில் அதை ஓட்டக் கிடைப்பதே சில மாதங்கள். அவற்றிலும் பாதி நாள் அது யாருடைய லாரிக்குப் பின்னாலாவது போய்க்கொண்டிருக்கும்.

யாருடைய என்ன, டெல்மருடைய லாரிதான். நோர்பர்ட்டின் மனைவி லவர்னுக்குத் தம்பி. எங்கள் ஊரில் இழுவை லாரி வைத்திருப்பவன் அவன் மட்டுமே. போன இலையுதிர்காலத்தில், மதுக்கடையில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கூடியிருந்தபோது, மச்சானின் காரை எங்கெங்கிருந்து இழுத்து வந்தேன் என்று டெல்மர் நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். லவர்னும் சிரித்தாள். நோர்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"இனி ஒரு தடவை இந்தக் காரைக் கட்டி இழுத்தியானா, அப்புறம் அது உன்னோடது."

வெள்ளிக்கிழமை மீனுக்கு முன்னால் சொன்ன சொல்லை எங்கள் ஊரில் யாரும் திரும்பப் பெற்றதில்லை. அன்றிலிருந்து டெல்மர் தன் கொட்டகையில் ஓர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தான்.

மே மாதம் ஒரு ஞாயிறு காலை நோர்பர்ட் தன் வீட்டு ஷெட்டில் காரின் போர்வையை எடுத்து, எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை மிதித்து கியர் போட்டார். கியரின் பற்கள் நறநறவென்று கடித்துக்கொண்டன. எந்த கியரும் விழவில்லை. ரிவர்ஸில் எழுந்த சத்தத்துக்கு அடுத்த வீட்டில் இருந்த நான் காப்பிக் கோப்பையோடு வந்துவிட்டேன். லாரியோடு டெல்மரும் வந்துவிட்டான். யார் சொல்லியனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

கியர்பாக்ஸ் போய்விட்டது, தன் கொட்டகைக்குக் கொண்டுபோய்த்தான் இறக்கவேண்டும் என்றான் டெல்மர். நோர்பர்ட் எஞ்சினை அணைத்துவிட்டு கியரைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கின. ஆக, பெட்டியில் கோளாறில்லை. கிளட்ச்தான் எஞ்சினை விட்டுப் பிரியவில்லை. எண்ணெய் கசிகிறதா என்று நான் அடியில் படுத்துப் பார்த்தேன். லவர்ன் பெடலை மிதித்தாள். கசிவு இல்லை. கிளட்சைத் தள்ளும் கோல் போகவேண்டிய தூரம் முழுக்கப் போய்வந்தது. அப்படியானால் ஒரே காரணம்தான் மிச்சம்: குளிர்கால ஈரத்தில் கிளட்ச் தட்டு துருவேறி எஞ்சினின் சுழல்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அது நடக்கக்கூடாது என்றுதான் எங்கள் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் குளிர்காலம் முழுக்க கிளட்ச் பெடலை அழுத்தியே வைப்பார்கள். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே உடைந்த ஹாக்கி மட்டை ஒன்றை முட்டுக் கொடுப்பது வழக்கம். நோர்பர்ட்டும் கொடுத்திருந்தார். காலையில் கையை விட்டு உருவிப் போட்ட மட்டை இதோ தரையில் கிடக்கிறது. பிறகு எப்படி ஒட்டும் என்று எங்களுக்குப் புரியவில்லை.

"அந்த மட்டை நடு பெடல்லதானே இருந்துச்சு?" என்றாள் லவர்ன்.

நடு பெடல் பிரேக். நோர்பர்ட் லவர்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ஷெட்டு ஐஸ்பெட்டியில மீன் எடுக்க வரப்பல்லாம் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லலே?" என்றார் நோர்பர்ட்.

"கார் விஷயத்துல வாயத் திறக்காதேன்னு சொன்னது யாரு?"

டெல்மர் லாரியில் சாய்ந்துகொண்டு சங்கிலியைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஒட்டிய தட்டைப் பிரிக்க ஒரு முரட்டு வைத்தியம் உண்டு. கியரில் போட்டபடியே வண்டியைக் கிளப்பி, கிளட்சை மிதித்துக்கொண்டே முடுக்கி, சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டு, பிரேக்கை ஓங்கி அழுத்தவேண்டும். ஆனால் தட்டு பிரிவதற்குள் வண்டி நின்றுவிட்டால் எஞ்சின் அணைந்துவிடும். பேட்டரி கிழடு, மறுபடி கிளப்புமா என்பது சந்தேகம். கிளப்பாவிட்டால் சங்கிலிதான்.

காரைத் தெருவுக்குத் தள்ளினோம். நோர்பர்ட் கையுறை மாட்டிக்கொண்டார். கார் ஒரு துள்ளு துள்ளி ஓடியது. பின்னாலேயே ஆரஞ்சு விளக்கைச் சுழலவிட்டு டெல்மரின் லாரி. அதில் ஏறிக்கொண்ட லவர்னும் நானும். 'நில்' பலகைகளை நோர்பர்ட் ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு கடந்தார். நிற்காமல் ஓட்ட ஊரில் ஒரே இடம் மாதா கோயிலைச் சுற்றிய தெருதான். பூசை முடிந்து வெளியே வந்த ஜனங்கள் கையசைத்தார்கள். அடுத்த சுற்றிலும் அசைத்தார்கள். அதற்கடுத்த சுற்றில் பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

நோர்பர்ட்டுக்கு அந்தக் கார்மேல் கை ஓங்க மனம் வரவில்லை. பிரேக்கைத் தடவிக்கொடுத்தார், அவ்வளவுதான். பொறுமையிழந்த டெல்மர் குறுக்குச் சந்தில் புகுந்து தெருவை மறித்து லாரியை நிறுத்தினான்.

"டெல்மர், அவர் இடிச்சிருவாருடா," என்றாள் லவர்ன்.

"இடிக்க மாட்டார்க்கா. காரும் அவரும் வேறயா?"

மூலையில் திரும்பிய நோர்பர்ட் எங்களைப் பார்த்தார். இரண்டு காலாலும் மிதித்தார். காருக்கடியில் ஏதோ டமாரென்று உடைந்தது போலச் சத்தம். லாரியிலிருந்து ஒரு கை தூரத்தில் கார் நின்றது. எஞ்சின் மட்டும் நிற்கவில்லை, சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நோர்பர்ட் முதல் கியர் போட்டார். ரிவர்ஸ் போட்டார். மறுபடி முதல் கியர். ஒரு சத்தமும் இல்லை.

இறங்கி வந்து டெல்மரின் கையைக் குலுக்கினார். அதற்குமுன், பழக்க தோஷத்தில், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்திருந்தார்.

மறுபடி திருப்பியபோது பேட்டரி ஒரு தரம் முனகி அடங்கிவிட்டது. டெல்மர் சங்கிலியை எடுத்தான்.

"கட்டி இழுத்தாத்தானே?" என்றாள் லவர்ன். "தள்ளினா?"

கோயில் வாசலில் இது விவாதிக்கப்பட்டது. அன்றைய மீன் வறுவலில் இருந்தவர்கள் பாதிப்பேர் அங்கேயே இருந்தார்கள். 'தள்ளி' என்ற பேச்சே அன்று எழவில்லை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். சங்கிலி லாரிக்குள் போனது. ஞாயிறு உடுப்போடு சிலர் பின்னால் கை வைத்தார்கள். ஆள் போதவில்லை.

"தம்பி, நீயும் வா," என்றாள் லவர்ன்.

டெல்மர் வந்து குனிந்து, கொட்டகையில் இடம் ஒதுக்கி வைத்திருந்த அந்தக் காரை, அதன் சொந்தக்காரரோடு சேர்த்துத் தள்ளினான்.