இரண்டு மடங்கு திருட்டு

கார் நிக்கோபார் தீவில் திருட்டு இரண்டு மடங்காகிவிட்டது என்று அன்று மெயின்லாந்து டிவியில் சிவப்பு எழுத்தில் ஓடியது. உடனே மதுரையிலிருந்து அண்ணன் போன் செய்தார். "அந்த ஊரே வேணாம்மா. மாற்றல் வாங்கிட்டு வந்துடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மடங்கு என்றால், முதலில் எத்தனை? அதைச் சொல்ல மாட்டார்களாமா? ஸ்டேஷனுக்கே போய்க் கேட்டேன். போலீஸ்காரர் இந்தியில் சொல்லிச் சிரித்தார். போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் இரண்டு.

அந்த இரண்டில் ஒன்று என் ஸ்கூட்டர்! வேலைக்கு வந்த புதிதில், படகுத்துறையில் நிறுத்திய வண்டியைக் காணோமென்று நான் கொடுத்த புகார். சாவியோடு நிற்கும் வண்டியை அவசரத்துக்கு யாரும் எடுக்கலாம் என்பது இந்த ஊர் வழக்கம். மறதியாகச் சாவியை விட்டுப்போன எனக்கு அது தெரியாது. யாரோ ஒருவர் பிரசவத்துக்கு நர்ஸை அழைத்துப்போய்விட்டு, சாயங்காலமே பெட்ரோல் போட்டுக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். புகார் மட்டும் கணக்கில் நின்றுவிட்டது.

டிவிக்காரர்களுக்குப் போன் போட்டேன். "ரெண்டு மடங்குங்கிறது தப்பில்லையே மேடம்" என்றார் ஒருவர்.

"தப்பில்லைதான். கூடின அந்த ஒரு மடங்கு அன்னைக்கே திரும்பி வந்துடுச்சு, ஃபுல் டேங்கோட. அதையும் சிவப்பு எழுத்துல ஓட விடுங்க."

லைனைத் துண்டித்துவிட்டார்.

மறுநாள் படகுத்துறையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். சாவியை அதிலேயே விட்டு, போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.