விசில் அடிக்காத குக்கர்

எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறைச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் குக்கரின் வெயிட் அதில்தான் தொங்கும். அம்மா சோற்றைப் பானையில் வடிப்பாள். மற்ற வாரங்களில்தான் எங்கள் குக்கருக்கு வாய் திறக்க அனுமதி. அப்போதும் ஒவ்வொரு விசிலுக்கும் அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

காலையில் சுரங்கத்திலிருந்து திரும்பும் அப்பா, சாப்பிட்டுவிட்டு நடு அறையில் படுப்பார். அங்கிருந்த ஒற்றைச் சன்னலைச் சாத்தினால் நடுப்பகலும் நள்ளிரவுதான். முன் அறைக்கும் சமையலறைக்கும் இடையே அதுதான் ஒரே வழி என்பதால், அவர் படுத்ததும் வீடு இரண்டாகிவிடும். விடுமுறை நாட்களில் நான் முன்னால், அம்மா பின்னால். கொல்லைக் கதவைத் திறந்தாலும் துவைக்கிற கல்லும் ஆளுயர மதிலும்தான். சமையலறையில் தலைக்கு மேலே ஒரு சின்னத் திறப்பு. புகை போவதற்காக வைத்தது, முகம் பார்ப்பதற்காக அல்ல. பின்னாளில் நான் சென்னையில் கட்டட வரைபடம் வரையும் வேலைக்குப் போனபோதுதான் அந்த வீடு எதற்காகக் கட்டப்பட்டது என்பது புரிந்தது. ஷிப்டுக்குப் போகிறவர் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். அதற்கு அது அருமையான வீடு. சமைக்கிறவள் மதியம் வரை எங்கே இருப்பாள் என்று வரைந்தவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஒரே ஆசை. சொந்த வீடு கட்டினால் அடுப்படி முன்பக்கம் இருக்க வேண்டும். "ரோட்டப் பாத்துக்கிட்டே கத்திரிக்கா நறுக்கணும்டி" என்று என்னிடம் கிசுகிசுப்பாள். கிசுகிசுத்தே பழகிய வீடு.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மந்தாரக்குப்பத்தில் மனை வாங்கி, ஒரு மேஸ்திரியை வைத்து அவரே கட்டினார். வரைபடம் நான் போடுகிறேன் என்றதற்கு, "உனக்கெதுக்கும்மா சிரமம், எல்லாம் மனசுல இருக்கு" என்றார். மனசில் என்ன இருந்தது என்பது பால் காய்ச்சும் நாளன்றுதான் தெரிந்தது. வாசலில் கால் வைத்ததும் என் கை பார்க்காமலே சுவிட்சைத் தொட்டது. அதே முன் அறை, அதே இருட்டு நடு அறை, பின்னால் அதே சமையலறை. தலைக்கு மேலே அதே திறப்பு.

"பாத்தியா? கரண்டு போனாகூட எங்கயும் இடிச்சுக்க மாட்டோம்" என்றார் அப்பா. முகமெல்லாம் பெருமை. முப்பது வருடம் தன்னைத் தூங்க வைத்த வீட்டை அம்மாவுக்குச் சொந்தமாகவே கொடுத்துவிட்ட சந்தோஷம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் பொங்கியது, சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள். அம்மா அந்தத் திறப்பை அண்ணாந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"எப்பப்பா சொல்லுவாங்க? நீங்க தூங்கும்போதா?"

ஷிப்ட் இல்லாமல் போன பிறகு அவருக்குத் தூக்கமும் போய்விட்டிருந்தது. அந்த இருட்டறை அவரையும் அடைத்தது. பகலெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் கழித்து அவரே மேஸ்திரியைக் கூப்பிட்டு முன் அறையைச் சமையலறையாக மாற்றினார். தெருவைப் பார்த்து, அம்மாவின் மார்பளவு உயரத்தில் அகலமாக ஒரு சன்னல்.

அடுத்த தடவை நான் போனபோது அம்மா அதன் முன்னால் நின்று கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வடலூர் பஸ்ஸின் ஹாரன், காய்கறி வண்டிக்காரரின் கூவல் எல்லாம் வீட்டுக்குள் வந்தன. எனக்கு மனசு நிறைந்தது. அடுப்பில் பானையில் சோறு கொதித்தது. சன்னல் ஓரமாகச் சுவரில் புதிதாக ஒரு ஆணி. அதில் குக்கரின் வெயிட்.

"இன்னும் எதுக்கும்மா இது?"

வாசலிலிருந்து அப்பாவும் கேட்டார். "குக்கர்லயே வையேன். நான்தான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்ல?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"விசில் சத்தம் கேட்டா எனக்குப் பதறுதுங்க" என்றாள், கிசுகிசுப்பாக.