ஆறு வயலுக்கும் நாற்பத்தாறு

கணினித் திரையில் ஒரு அட்டவணை. ஆறு கட்டம், ஆறிலும் நாற்பத்தாறு. கோவில்பட்டியை அடுத்த எங்கள் அரசுப் பெண்கள் பள்ளியில் அதைப் பார்த்து நான் பெருமையாக நின்ற கோலம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அறிவியல் ஆசிரியை நான். நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருந்தாலும் பிள்ளைகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

நம் கரிசல் போலவே கென்யாவிலும் வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிற கறுப்பு மண் உண்டாம். அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அங்குள்ள ஒரு பள்ளிக்கு எட்டு மாதம் மெயில் மேல் மெயில் போட்டுச் சம்மதம் வாங்கினார். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் அவரவர் ஊரில் ஆறு வயல்களில் வெடிப்புக்குள் குச்சியை விட்டு, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று அளந்து, ஒரே அட்டவணையில் ஏற்ற வேண்டும். "நம்ம பிள்ளைய எல்லாம் நாளைக்கு எந்த ஊர்ல போய் வேலை பார்க்கப்போகுதோ. இப்பமே அங்கன உள்ளவியளோட சேர்ந்து செஞ்சு பழகட்டும்க்கா" என்பார். இப்போது மணியாச்சிப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். அங்கேயும் சும்மாவா இருப்பார்?

கென்யாவிலிருந்து ஒரே வரியில் கேள்வி வந்தது: ஆறு வயலிலும் எப்படி ஒரே ஆழம்? எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் முதலாவதாக வருகிறவளின் நாற்பத்தாறுக்கு டிக் போட்டு, மற்றவர்கள் ரஃப் நோட்டில் இருந்ததை அடிக்கச் சொல்லி, ஃபேர் நோட்டில் இதையே எழுதுங்கள் என்றவள் நான்தான். ஆய்வுக்கூடத்தில் விடை ஒன்றுதான் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கம்ப்யூட்டர் டீச்சரிடம், "டைப் பண்ணையில தப்பாயிட்டுன்னு எழுதிருவோம். மானம் போயிரும்" என்றேன்.

உண்மையைச் சொன்னால் கென்யாப் பள்ளி விலகிவிடலாம். போகப்போவது அவருடைய எட்டு மாத உழைப்பு. "ரஃப் நோட்டையே படம் எடுத்து அனுப்புதேன்க்கா. அவியகூட நாளைக்கும் பேசணும்லா" என்றார்.

ஒன்பது நாள் பதிலே இல்லை. தினமும் முதல் மணிக்கு முன்பே வந்து மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

பத்தாம் நாள் கென்யாவிலிருந்து காணொளியில் அழைத்தார்கள். அடித்துப்போட்ட அறுபத்தொன்றை அளந்தது யார், தங்கள் பள்ளத்து வயலிலும் அவ்வளவுதான் வருகிறது, அவரோடு பேச வேண்டும் என்றார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி எழுந்து வந்தாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவர். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கிணற்றோர வெடிப்பில் குச்சி எதுவரை இறங்கியது என்று கையால் காட்டிச் சொன்னாள். பிறகு ஏன் அடித்தாய் என்று அந்தப் பக்கத்துப் பெண் கேட்டாள். இவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "மை மிஸ்டேக்" என்றாள்.

நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்று, அடிக்கச் சொன்னது நான்தான் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அந்தப் பிள்ளை என்னிடம் அனுமதி கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அட்டவணையில் தன் வயலுக்கு நேரே இருந்த நாற்பத்தாறை அழித்துவிட்டு அறுபத்தொன்று என்று தட்டினாள்.