கார் இல்லாமல் தோசைக்கல்லுக்கு: ஒரு மெத்தையோடு கோவையிலிருந்து சித்தையன்கோட்டை வரை

மாசி முதல் வாரம், ஒரு சனியும் ஞாயிறும் சேர்ந்த இரண்டு நாளில் போய் வந்த பயணம் இது. கோயம்புத்தூரிலிருந்து திண்டுக்கல் போய், மறுநாள் காலை சித்தையன்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு பாறையில் ஏறிவிட்டுத் திரும்பினேன். கார் இல்லாதவர்கள் பாறை ஏறப் போக முடியுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். முடியும். ஆனால் முதுகில் ஒரு மெத்தையோடு பேருந்தில் ஏற வெட்கம் கூடாது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நான் ஏறுவது கயிறு இல்லாமல் ஏறுகிற சிறிய பாறைகள். பத்து, பதினைந்து அடி உயரம்தான் இருக்கும். விழுந்தால் எலும்பு தப்பிக்கக் கீழே ஒரு மெத்தை விரித்திருப்போம். மடித்தால் பள்ளிக்கூட மேசை அளவு, எடை ஆறு கிலோ. மெத்தையோடு, கீழே ஓர் ஆளும் வேண்டும். நாம் விழும்போது முதுகைத் தாங்கி மெத்தைப் பக்கம் தள்ளிவிடுவது அவர் வேலை.

எனக்கு அந்த ஆள் முரளி. ஒன்பது வருடம் என் கணவராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பிரிந்தோம். சண்டை, சத்தம் எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து சாமான்களைப் பிரித்தோம். எனக்கு ஓட்டத் தெரியாது, அதனால் கார் அவருக்கு. மெத்தை என் சம்பளப் பாக்கியில் வாங்கியது, அதனால் அது எனக்கு. இரண்டு பேருமே பெருந்தன்மையாகத் தலையாட்டிக்கொண்டோம். காரில்லாமல் நான் பாறைக்குப் போக முடியாது, மெத்தையில்லாமல் அவர் பாறையில் ஏற முடியாது என்பது அந்த இரண்டு மேதாவிகளுக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை. உறைத்த பிறகு யார் முதலில் போன் செய்வது என்பதில் வீம்பு. கடைசியாகப் பேசியது கேஸ் இணைப்பைப் பெயர் மாற்றுவதற்காக.

தோசைக்கல் என்பது நாங்கள் வைத்த பெயர். பதினாலு அடி, முகம் தட்டையாகக் கறுத்திருக்கும். மூன்று குளிர்காலம் அதில் முட்டி மோதினோம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் விழுந்தோம், உச்சி விளிம்புக்கு ஒரு முழம் கீழே. இந்தப் பயணம் அதை முடிக்கத்தான். முடித்துவிட்டால் அந்த ஒன்பது வருடத்திலிருந்து கொஞ்சம் கழன்றுகொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் இல்லாமல் என்னால் ஏற முடியுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மதியம் 1.10க்கு உக்கடத்தில் பழனி வழி திண்டுக்கல் பேருந்து கிடைத்தது. கட்டணம் 135 ரூபாய். கடைசி வரிசை ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள், மெத்தையைக் காலுக்கு முன்னால் நிறுத்தலாம். ஆயக்குடியில் கொய்யாப்பழக் கூடையோடு ஏறிய ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மெத்தையை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இலவம்பஞ்சுங்களா, ஸ்பாஞ்சுங்களா?"

"ஸ்பாஞ்சுங்க."

"எவ்வளவு சொல்றீங்க?"

விற்பதற்கில்லை, ஆனால் பதினோராயிரத்துக்கு வாங்கினேன் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்தக் காசுக்குக் கட்டிலோட வந்திருக்குமுங்களே" என்றவர் இரண்டு கொய்யாப்பழத்தைக் கையில் கொடுத்தார். ஏமாந்தவளுக்கு ஆறுதல் பரிசு போல. பழம் அருமை.

திண்டுக்கல் வந்தபோது மணி 5.40. பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் விடுதி, எழுநூறு ரூபாய், ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை. அந்தப் பாறையைப் பார்த்தால் ஏறுகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும். அது பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே ஏறக் கூடாது. படி வழியாகப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு நல்ல பிள்ளையாக இறங்கிவிடுங்கள்.

ஏழு மணிக்குப் பிரியாணிக் கடைக்குப் போனேன். வருடக்கணக்கான பழக்கம், உள்ளே நுழைந்ததும் பரிமாறுகிற பாயிடம் இரண்டு விரலைக் காட்டிவிட்டேன். அவரும் இரண்டு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

"இன்னொருத்தர் வாராங்களாம்மா?"

இல்லை பாய், ஒரு ஆள்தான் என்றேன். அவர் எதிர் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். சீரகச் சம்பா வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டேன், விடவில்லை. ஆனால் எதிரே இருந்த அந்தக் காலி இடம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை 5.35க்குச் சித்தையன்கோட்டை டவுன் பஸ். செம்பட்டி வழியாகச் சுமார் 24 கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மெத்தை பெண்ணா என்பதில்தான் நடத்துநருக்குச் சந்தேகம்.

"உங்களுக்கு ஃப்ரீ. இதுக்கு லக்கேஜ் போடணும்."

"மடியில வச்சுக்கிறேன்ணே."

"மடியில வைக்கிற சாமானா இது? நீங்கதான் அது மடியில உக்காந்திருக்கீங்க."

பஸ்ஸே சிரித்தது. இருபது ரூபாய் கொடுத்தேன். சின்னாளபட்டி தாண்டும்போது வெளிச்சம் வந்தது. வலப்பக்கம் தென்னந்தோப்புகளுக்கு மேலே கொடைக்கானல் மலை நீலமாகத் தெரிந்தது. காரில் வரும்போது இந்த இடத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். முரளி ஓட்டிக்கொண்டே, "எந்திரி, மலை வந்திருச்சு" என்று முழங்கையால் இடிப்பார். நான் ஒருநாளும் எழுந்ததில்லை. இப்போது கண் கொட்டாமல் பார்த்தேன், இடிக்க ஆளில்லை.

சித்தையன்கோட்டையில் 6.30. அங்கிருந்து பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் கரட்டுக்களம் என்ற சிற்றூருக்கு ஏழு கிலோமீட்டர். ஜபருல்லா பாய் என்பவரின் ஆட்டோ, 180 ரூபாய். மெத்தையைக் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டியவர், திரும்ப எப்படி வருவீர்கள் என்று கேட்டார். மினிபஸ் என்றேன்.

"ஞாயித்துக்கெழம மினிபஸ்ஸ நம்பாதீங்கம்மா. பதினொன்னு நாப்பதுக்கு வரும். வரலைன்னா வராது."

"இன்னிக்கு வருமா பாய்?"

"இன்ஷா அல்லா வரும். வரலைன்னா நான் வாரேன்."

ஆட்டோ நின்ற இடத்திலிருந்து வாய்க்கால் கரையோடு தொள்ளாயிரம் மீட்டர் நடை. 7.10க்குத் தோசைக்கல் முன்னால் நின்றேன். நெருஞ்சி கொஞ்சம் கூடியிருந்தது. மற்றபடி அப்படியே இருந்தது. மெத்தையை விரித்துவிட்டுப் பாறையில் கையை வைத்தேன். விடியற்காலைக் குளிர்ச்சி. ஏற வந்தவள் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதல் தடவை ஏழடியிலேயே விட்டுவிட்டேன். பின்னால் ஆளில்லை என்றால் உடம்புக்கே தெரிந்துவிடுகிறது, விரல் தானாகக் கழன்றுவிடும். இரண்டாவது தடவையும் அப்படியே. அப்போது வாய்க்கால் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏந்தாயி, தனியாவா வந்த? அந்தக் கார்க்காரரு வரலியா?"

இடுப்பில் மல்லிகை மொட்டு நிறைந்த மடி, நெற்றியில் பட்டை போட்டுக் கட்டிய டார்ச் லைட். பக்கத்துப் பூந்தோட்டம் அவருடையது. பெயர் பாண்டியம்மா. இருட்டோடு மொட்டு பறிக்க வந்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவாராம். மூன்று வருடம் இதே பாறைக்கு வந்திருக்கிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தோப்பு வரை காரில் வந்து, அப்படியே போய்விடுவோம். இவரைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. அவர் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவர் வரமாட்டார் அக்கா, நான் மட்டும்தான் என்றேன்.

"அதென்ன, போன மாசம் அவரும் இதையேதான் சொன்னாரு."

மெத்தையிலிருந்து எழுந்துவிட்டேன். எப்போது என்று கேட்டேன்.

"தைப்பூசம் முடிஞ்ச மறு வாரம். காரை அந்தத் தோப்புல விட்டுட்டு வந்தாரு. இந்தா, நீ உக்காந்த எடத்துலதான் உக்காந்திருந்தாரு. செத்த நேரம் பாறையத் தடவிப் பாத்தாரு. ஏறலியா தம்பின்னேன். கீழ விரிக்கிறது எங்கிட்ட இல்லக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அம்புட்டுத் தூரம் வந்தது எதுக்குன்னு நானும் நெனச்சுக்கிட்டேன்."

நானும் நினைத்தேன். இரண்டு வருடமாக, இந்தப் பாறையை நான் மட்டும்தான் நினைத்து ஏங்குகிறேன் என்று எனக்குள் ஒரு வீறாப்பு இருந்தது. அது அந்த இடத்திலேயே போயிற்று. அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை.

அக்கா மடியைக் கல்மேல் இறக்கி வைத்துவிட்டு, தூக்குவாளியைத் திறந்தார். பழைய சோறு, வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் வதக்கல். மூடியில் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும், "இப்ப ஏறு, நான் நிக்கிறேன். என்ன செய்யணும், சொல்லு" என்றார்.

முதுகை எப்படித் தாங்க வேண்டும், கையை எப்படி வைக்க வேண்டும் என்று காட்டினேன். கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரிதானே என்றார். ஏறக்குறைய அப்படித்தான்.

அடுத்த தடவை விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரை போய் விழுந்தேன். அக்கா கெட்டியாகத் தள்ளிவிட்டதில் மெத்தையின் நடுவில் உட்கார்ந்தேன். "இடது காலு தொங்குது, அதை எங்கயாச்சும் வையி" என்றார். முரளியும் மூன்று வருடமாக இதையேதான் சொன்னார், நான்தான் வாதாடுவேன். இந்தத் தடவை வாதாடவில்லை. மறுபடி ஏறி, அதே இடத்தில் இடது காலை ஒரு சாண் உயர்த்தி, விரல் நுனி மட்டும் நிற்கிற ஒரு புடைப்பில் வைத்தேன். வலது கை விளிம்பில் விழுந்தது. பிடித்துக்கொண்டது.

மேலே போய் உட்கார்ந்தேன். மணி 9.05. ஒரு பக்கம் சிறுமலை, ஒரு பக்கம் கொடை மலை, நடுவில் தென்னையும் நெல்லும். மூன்று வருடம் ஆசைப்பட்ட இடம். மூச்சு வாங்குவதற்கு முன்பே என் வாய் கத்திவிட்டது: "முரளி, பாத்தியா!"

கீழே அக்கா அண்ணாந்து பார்த்தார். "நான் பாத்தேன் தாயி" என்றார்.

கழன்றுகொள்ளலாம் என்றுதான் வந்தேன். ஏறி முடித்த பிறகு தெரிந்தது, எனக்குக் கழன்றுகொள்ள விருப்பமில்லை. அவர் அந்த இடது காலைப் பற்றிச் சொல்லிச் சொல்லிக் காட்டுவதைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

இனிப் பயணத் தகவல். கோவையிலிருந்து வருகிறவர்கள் திண்டுக்கல் வரை போக வேண்டியதே இல்லை. பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம், செம்பட்டி வழியாக மதுரை போகிற பேருந்தில் ஏறிச் செம்பட்டியில் இறங்கினால் சித்தையன்கோட்டை ஐந்து கிலோமீட்டர்தான். இது எனக்கு ஜபருல்லா பாய் சொல்லித்தான் தெரியும். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு வத்தலக்குண்டிலிருந்தும் செம்பட்டிக்கு அடிக்கடி பேருந்து உண்டு. பத்தரைக்கு மேல் பாறை சுடும், அதற்குள் முடித்துவிடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வடக்கு முகத்தில் தேன்கூடு இருக்கிறது, அந்தப் பக்கம் சத்தம் போடாதீர்கள். தனியாக ஏறாதீர்கள். ஏறி முடித்ததும் கையில் பூசும் வெள்ளைப் பொடியின் தடங்களைத் தூரிகையால் துடைத்துவிடுங்கள், அது ஏறுகிறவர்களின் மரியாதை. நானும் துடைத்தேன். பாறையில் யாரும் ஏறிய அடையாளமே இல்லை.

மெத்தையைச் சுமக்க வேண்டாம். அது இப்போது பாண்டியம்மா அக்காவின் மோட்டார் ரூமில், எலி கடிக்காமல் உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது. தோசைக்கல்லுக்குப் போகிற யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உபயோகித்ததும் மண்ணைத் தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேருந்துப் பயணத்துக்கு அதுதான் வசதி என்று அக்காவிடம் காரணம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

"அந்தக் கார்க்காரரு வந்தா எடுத்துக் குடுக்கலாமா?"

"குடுங்கக்கா."

"நீ வந்துட்டுப் போனேன்னு சொல்லட்டா?"

"கேட்டாச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு வாய்க்கால் கரையில் நடந்தேன். மினிபஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. முரளியை எனக்குத் தெரியும். யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை அவர். ஒன்பது வருடத்தில் என்னிடமே எதையும் கேட்டதில்லை, நானும் அப்படித்தான். பாதி தூரம் போனவள் திரும்பி ஓடினேன். அக்கா மோட்டார் ரூம் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தாயி, எதையாச்சும் விட்டுட்டியா?"

"இல்லக்கா. அவர் கேக்காட்டியும் சொல்லுங்க."