நிறைந்த டாங்கி வெடிக்காது

தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்கில் முப்பத்து நாலு வருஷம் டாங்கி அளந்தவர் கிருஷ்ணப்பன். மூன்று மாடி உயர டாங்கியைச் சுற்றிச் சுற்றிப் போகும் இரும்புப் படியில் ஏறி, உச்சியில் இருக்கும் மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய டேப்பை அடிவரைக்கும் இறக்கி, எத்தனை சென்டிமீட்டர் நனைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இது ஒரு வேலையா என்று கேட்பவர்களை ஒரு மே மாதம் மேலே ஏற்றிவிட வேண்டும். கைப்பிடியைத் தொட்டால் தோல் உரியும். தொடாமலும் இருக்க முடியாது, உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இறங்க வெறுங்கையால் இரும்பைத் தொட்ட பிறகுதான் மூடியைத் திறக்கலாம். காற்று முதுகுப்பக்கம் வரும்படி நிற்காவிட்டால் ஆவி முகத்தில் அடித்துத் தலை கிறுகிறுத்துவிடும்.

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் ஒரு பாடம் சொல்வார்கள். நிறைந்த டாங்கி வெடிக்காது, காலி டாங்கிதான் வெடிக்கும். எண்ணெய் விளிம்புவரை நின்றால் உள்ளே ஆவிக்கு இடமில்லை. எண்ணெயை இறக்கிவிட்டு ‘காலிதானே’ என்று நாம் அலட்சியமாக இருக்கும் டாங்கிதான் உள்ளே தங்கிய ஆவியோடு ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பாடத்தில் பிழை இல்லை. அதை டாங்கியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் கிருஷ்ணப்பனின் நிம்மதி முப்பத்தைந்து வருஷமாகக் கெட்டிருக்காது. மனுஷர் அதைத் தூக்கிக்கொண்டு போய் நாடுகளுக்குப் பொருத்திவிட்டார்.

டாங்கி ஏறிய நாட்களை நினைத்தால் அவருக்கு இப்போதும் மூக்கில் மண்ணெண்ணெய் வாசம் வருகிறது. டாங்கி உச்சியில் நின்றால் வடசென்னை முழுக்க அவருடையது. ஒரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள், வெளியே முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள், காசிமேட்டுப் படகுகள். இன்னொரு பக்கம் மணலி எண்ணெய் ஆலைப் புகைபோக்கியின் சுடர், தூரத்தில் எண்ணூர். கப்பலிலிருந்து சரக்கு தள்ள ஆரம்பித்தால் தரையிலிருக்கும் பைப் முனகும். அந்த முனகலைக் கேட்டே டீசலா மண்ணெண்ணெயா என்று சொல்லிவிடுவதாக அவர் பீற்றிக்கொள்வார். பாதி பொய்தான். ஆனால் எதிரே நின்று மறுக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அவருடைய தோஸ்து ஷாரிக், ராயபுரத்துக்காரர். இரண்டு பேரும் ஒரே கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு முழுக்குப் போட்டவர்கள். இவர் டாங்கி ஏறினார், அவர் குவைத்துக்குப் போய்த் தண்ணீர் லாரி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டேப் ரிக்கார்டர், பால் பவுடர், கோடாலித் தைலம் சகிதம் வந்து இறங்குவார். கிடங்குக்கு வருகிற மண்ணெண்ணெயில் நிறைய குவைத்துச் சரக்கு. "அங்கேர்ந்து நான் அனுப்புறேன், இங்க நீ அளக்குற. ஒழுங்கா வந்து சேர்தா மாமு?" என்று ஷாரிக் கேட்பார். லாரி ஓட்டுகிறவருக்கு எண்ணெய்க் கிணறே சொந்தம் என்கிற தோரணை. அந்தத் தோரணை கிருஷ்ணப்பனுக்குப் பிடிக்கும்.

1990 ஜூலை. ஷாரிக் விடுமுறை முடிந்து திரும்ப வேண்டும். குவைத் எல்லையில் ஈராக் படையைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தான். ராயபுரம் கடற்கரைக் கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் நெத்திலி வறுவல் தின்றுகொண்டிருந்த சாயங்காலம், ஷாரிக் விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்.

"மெய்யாலுமே கேக்குறேன் மாமு. போவட்டுமா, வேணாமா? வூட்ல அழுவுறாங்க."

கிருஷ்ணப்பன் கையைத் துடைத்துக்கொண்டு கடலைக் காட்டினார். வெளியே மூன்று எண்ணெய்க் கப்பல் நின்றது.

"அத்த பாரு. எறக்க எடம் இல்லாம நிக்கிது. நம்ம டாங்கி அல்லாம் கழுத்து மட்டும் கீது. என் சர்வீஸ்ல இப்டி நான் பாத்ததே இல்ல. ஊர் ஒலகத்துல எண்ணெ வழியச்சொல்ல அதுக்கு எவனாவது சண்ட போடுவானா? இல்லாதவன்தான் அடிச்சிக்குவான். நெறஞ்ச டாங்கி வெடிக்காதுடா. தெகிரியமா போ."

ஷாரிக் போனார். போய் இறங்கிய நாலாவது நாள் ஈராக் குவைத்துக்குள் நுழைந்துவிட்டது.

டீக்கடையில் பேப்பரை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரானோடு எட்டு வருஷம் சண்டை போட்டு ஈராக் கடனில் மூழ்கியிருந்தது. அதற்கு இருந்த ஒரே வருமானம் எண்ணெய். பக்கத்து வீட்டுக் குவைத் அளவுக்கு மேல் இறைத்து விற்றதால் விலை படுத்துவிட்டது, எங்கள் வயிற்றில் அடிக்கிறான் என்று ஈராக் பல மாதமாகக் கத்திக்கொண்டிருந்ததாம். அடித்துப் பிடுங்கினால் கடனும் தீரும், கிணறும் நம்முடையது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கிருஷ்ணப்பனுக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனது. இங்கே டாங்கி நிறைய நிறைய அங்கே ஒருவனுக்கு வயிறு எரிந்திருக்கிறது. எந்த நிறைவைக் காட்டி அவர் தோஸ்தை அனுப்பினாரோ, அந்த நிறைவேதான் பொறியாகியிருந்தது.

ஷாரிக்கிடமிருந்து கடிதம் இல்லை, தகவல் இல்லை. இங்கே கப்பல் வருவது குறைந்தது. கிருஷ்ணப்பன் தினமும் ஏறி டேப்பை விட்டார், தினமும் மட்டம் இறங்கியிருந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேனோடு நிற்கிற வரிசையில் அவர் மனைவி மங்கையும் நின்றாள். வீட்டில் அவர் யாரோடும் பேசவில்லை. மங்கை கேட்டதற்குக் காய்ச்சல் என்றார்.

அக்டோபரில் ஷாரிக் வந்து சேர்ந்துவிட்டார் என்று ராயபுரத்திலிருந்து ஓர் ஆள் வந்து சொன்னார். ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு ஷிஃப்ட் சேர்த்து எழுதிக்கொண்டு டாங்கி மேல் ஏறிவிட்டார். எந்த முகத்தோடு போவது? ஒரு வாரம் இப்படி ஒளிந்தார். எட்டாவது நாள் ஷாரிக்கே கிடங்கு வாசலுக்கு வந்து நின்றார். கறுத்து, கன்னம் ஒட்டி, யாருடையதோ ஒரு சட்டையில். ஷாரிக் மேலும் கீழுமாக அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா மாமு, டாங்கி இன்னா சொல்து?"

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷாரிக் மறுபடி குவைத் போகவில்லை. ஆட்டோ வாங்கி ஓட்டினார், பிள்ளைகளைக் கரை சேர்த்தார். எங்கே பார்த்தாலும், கல்யாண வீடாக இருந்தாலும் சாவு வீடாக இருந்தாலும், முதல் கேள்வி அதேதான்: "இன்னா மாமு, டாங்கி இன்னா சொல்து?" ஊரார் அதை ஏதோ தோஸ்துகளின் வேடிக்கை என்று நினைத்தார்கள். கிருஷ்ணப்பனுக்கு ஒவ்வொரு தடவையும் ஊசி ஏறியது. பதிலுக்குச் சிரித்துவைப்பார்.

அவர் ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. டாங்கி உச்சியில் இப்போது ரேடார் உட்கார்ந்து அளக்கிறதாம். யாரும் ஏற வேண்டாம், கை சுட வேண்டாம். நல்லதுதான். ஆனாலும் பஸ்ஸில் கிடங்கைத் தாண்டும்போது அவர் கழுத்து தானாக மேலே திரும்பிவிடும்.

இந்த வருஷம் வளைகுடாவில் மறுபடி குண்டு விழ ஆரம்பித்தது. எண்ணெய்க் கப்பல் போகிற குறுகலான கடல்வழியை அடைத்துவிடுவோம் என்று ஒருவன் மிரட்டுகிறான், அடைத்துப் பார் என்கிறான் இன்னொருவன். இதையெல்லாம் கிருஷ்ணப்பன் வேடிக்கை பார்த்துவிட்டு டிவியை அணைத்திருக்கலாம். முடியவில்லை, ஏனென்றால் அவருடைய ஒரே மகள் ரேகா குவைத்தில் நர்ஸ். ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தாள். வியாழக்கிழமைக்கு டிக்கெட்.

திங்கட்கிழமை காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள். "நைனா, நீதான் எண்ணெ கம்பெனில இருந்தவன். நீ சொல்லு. போவட்டுமா, வேணாமா?"

அதே கேள்வி. வார்த்தைகூட மாறவில்லை. கிருஷ்ணப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு, வந்துவிடுகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

ஷேர் ஆட்டோ பிடித்து நேரே ராயபுரம். ஷாரிக் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கரையில் ஒரு கால் விரல் போயிருந்தது, சிரிப்பு போகவில்லை. "இன்னா மாமு, டாங்கி..." என்று ஆரம்பித்தார்.

"அத்த சொல்லாதடா!" என்று கத்திவிட்டார் கிருஷ்ணப்பன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "முப்பத்தஞ்சு வருசமா குத்திகினே கீற. ஒரு தபா, ஒரே ஒரு தபா, என்ன செருப்பால அட்ச்சிருக்கலாமில்ல? எம் பொண்ணு போவட்டான்னு கேக்குதுடா. நான் இன்னா சொல்றது?" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஷாரிக் அவரைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

"குத்துறேன்னா நென்ச்ச? அட லூசு. குவைத்துலேர்ந்து தப்பிச்சி வரச்சொல்ல ஜோர்டான் எல்லைல பாலைவனத்துல டென்ட்டு போட்டுக் கெடந்தோம். பதினெட்டு நாளு. ரொட்டி லாரி வந்தா அடிதடி. அக்கம்பக்கத்துல ஒருத்தன் ராஜாவத் திட்டுவான், ஒருத்தன் ஏஜென்ட்டத் திட்டுவான், ஒருத்தன் தலையெழுத்தத் திட்டுவான். ராஜாவும் ஏஜென்ட்டும் யார் கைக்கு ஆப்புடுவாங்க? நான் ஒன்னத்தான் திட்டுவேன். காலைல ஒரு தபா, பொழுது சாயச்சொல்ல ஒரு தபா. ‘நெறஞ்ச டாங்கி வெடிக்காதாடா? இரு, மெட்ராஸ் வந்து ஒன்ன வச்சிக்கிறேன்’னு. சில பேரு படுத்தவன் எந்திரிக்கவே இல்ல. நான் தெனம் எந்திரிச்சேன். ஒன்ன மூஞ்சிக்கு நேரா திட்டணுமே! ஒன்ன திட்டிகினே தாண்டா உசுரோட வந்தேன்."

"அப்பால ஏன் திட்டல?"

"கெடங்கு கேட்டாண்ட ஒன் மூஞ்சியப் பாத்தேன். என்ன விட எளச்சிருந்த. வாயில வந்தது அதான். அது எனக்குக் குவைத்துலேர்ந்து நான் திரும்பி வந்ததோட ஞாபகம் மாமு. அத்த கேக்கச்சொல்ல, உசுரோட கீறேன்னு தெரிது."

ஒரே ஒரு வார்த்தையை இரண்டு பேரும் இத்தனை வருஷம் இரண்டு விதமாகச் சுமந்திருக்கிறார்கள். கேட்டுத் தொலைத்திருந்தால் என்ன? ஆண்பிள்ளைகளின் சிநேகம் இப்படித்தான், ஊர்க்கதை எல்லாம் பேசும், பேச வேண்டியதைப் பேசாது.

மத்தியானம் வீடு திரும்பியவர் மகளையும் மங்கையையும் உட்காரவைத்து, 1990-ஐ ஒன்றுவிடாமல் சொன்னார். மங்கைக்கே அது புதுக் கதை. "காய்ச்சல்னு சொன்னியே!" என்று அவரை முறைத்தாள்.

"எனக்குத் தெரியாது ரேகா," என்றார் கிருஷ்ணப்பன். இந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்கிறவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாங்கில எவ்ளோ கீதுன்னு சொல்லுவேன். எவன் எப்போ சண்டைக்கிப் போவான்னு டாங்கி சொல்லாது. இருந்தாலும் போவான், இல்லாங்காட்டியும் போவான். நீயே பாத்து முடிவு பண்ணு."

குழந்தைகள் வார்டில் ரேகாவோடு வேலை செய்கிற இரண்டு நர்ஸுகள் ஏற்கெனவே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்தவை ஒன்பது கண்ணாடிப் பெட்டிகளில் கிடக்கின்றன. "நான் போறேன் நைனா," என்றாள்.

அவர் தலையாட்டினார். "போ. ஒண்ணே ஒண்ணு. அங்க ஏதாச்சும் ஆச்சின்னா வேற யாரையும் திட்டாத. எங்கப்பன்தான் அனுப்புனான்னு என்னத் திட்டு. காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா. திட்டிகினே வூடு வந்து சேந்துரு."

ரேகா போய்ப் பத்தாவது நாள் அவளிடமிருந்து போன் வந்தது. அதற்குமுன் இரண்டு நாள் தொடர்பே கிடைக்கவில்லை, மங்கை சாமி படத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணப்பன் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் குழந்தைகள் அழும் சத்தம், அதற்கும் பின்னால் எங்கோ சைரன்.

"இன்னாம்மா பண்ணிகினு கீற?"

"ஒன்னத்தான் நைனா, திட்டிகினு கீறேன்."