கிட்வாய் நகரில் ஒரு பித்தளைப் பம்ப்

தில்லிக்கு வந்து சேர்ந்த நாள் முதல் என் மாமனாருக்கு ஒரே பேச்சுதான். "ஏல, எனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுக் குடு." ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்ததும் ஆரம்பித்துவிடும். அத்தை போன பிறகு தூத்துக்குடியில் அவரைத் தனியாக விடக்கூடாது என்று நாங்கள்தான் பிடிவாதமாகக் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்திருந்தோம். துறைமுகத்துச் சுங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தி ஒரு வார்த்தை வராது. பால்கனியில் உட்கார்ந்து எதிர்ப் பிளாக்கின் மஞ்சள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கலாம் என்ற யோசனை என் வீட்டுக்காரருடையது. நான் முதலில் சண்டைதான் போட்டேன். குடிக்கிற தண்ணீரையே மாடிக்குப் பக்கெட்டில் தூக்குகிறோம், இதில் உப்புத் தண்ணீர் ஒன்றுதான் குறைச்சலா? மனிதர் காதில் வாங்கினால்தானே! மெட்ராஸ் ரயிலில் வரும் தெரிந்த கார்டு ஒருவர் பிளாஸ்டிக் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போய் விமானத்தில் திரும்பிய மேலதிகாரி ஒருவர், காற்றடைத்த பாலிதீன் பையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவரிடம் இவர் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பைக்குள் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிற மீன்கள் இரண்டு. கூடவே ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டு ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி, அது உயிருள்ள பிராணி. அந்த மீன்கள் அதன் இதழ்களுக்குள் புகுந்து புரண்டு படுத்துக்கொள்ளும். மாமனார் பால்கனி நாற்காலியைத் தூக்கிவந்து தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் பேச்சு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அப்பாடா, இனி இங்கேயே இருந்துவிடுவார் என்று நாங்கள் இருவரும் அடுக்களையில் ரகசியமாகச் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் சாமந்தி வாடத் தொடங்கியது. மீன் கடையில் வாங்கிய காற்று மோட்டார் குமிழி விட்டதே தவிர, தண்ணீர் அசையவில்லை.

"தண்ணி ஓடணும்லா? நின்னுபோன தண்ணி கடலா, ஏல? அது குட்டை," என்றார் மாமனார்.

குளிர்காலம் என்பதால் எங்கள் கூலர் மூலையில் சும்மா கிடந்தது. அதன் பம்பைக் கழற்றி வந்து காட்டினார் இவர். மாமனார் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ள தண்டு இரும்பு. உப்புத்தண்ணி தின்னுபோடும்." எதிர்வீட்டுக்காரரின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது, இதற்கென்றே செய்த பிளாஸ்டிக் பம்ப் கொண்டுவருவதாகச் சொன்னார். ஆனால் அவர் வருவது கோடை விடுமுறையில். "அதுவரைக்கும் இந்தச் சீவன் கெடக்கணும்லா?" என்றார் மாமனார். அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவராக வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. பழைய தில்லி மோட்டார் கடைகளுக்குப் பஸ் ஏறினோம். ஒவ்வொரு பம்பையும் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கடைக்காரர் "ஜல்தி கீஜியே, பாபுஜி" என்று அவசரப்படுத்தி அலுத்துக்கொண்டார். கடைசியில் பங்களாக்களின் நீரூற்றுக்குப் போடுகிற சின்னப் பம்ப் ஒன்றைத் தூக்கிக் காட்டினார் மாமனார். முழுக்கப் பித்தளை.

"கப்பல்ல வால்வு எதுல செய்யுதான்? பித்தளையில. எம்புட்டு உப்புல கெடந்தாலும் துருப்பிடிக்காது. என் கண்ணால பாத்ததுல்லா!"

எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. பித்தளைக் குடத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த கூட்டம் நாங்கள். செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று சொல்லாத வீடு உண்டா? பித்தளையைப் போய்ச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

பம்பைப் போட்டதும் தண்ணீர் சுழன்றது. சாமந்தி மெல்ல விரிந்து ஆடியது. "ஏம்மா, ஓடி வா! ஓடி வா!" என்று அவர் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தோசைக் கரண்டியோடு ஓடினேன். கண்ணெல்லாம் சிரிப்பு மனிதருக்கு.

பிறகுதான் எல்லாம் போனது. சாமந்தி சுருங்கியது, கல்லை விட்டுக் கழன்றது, கரைந்து வீடு முழுக்க நாறியது. அடுத்தடுத்து மீன்களும் செத்தன. எங்களுக்குக் காரணம் விளங்கவில்லை. கீழ்வீட்டு வங்காளி அம்மா கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. பம்பின் மேல் படிந்திருந்த பச்சையைப் பார்த்ததுமே, பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதானே, உப்புத் தண்ணீரில் அது கரையும், இந்த மாதிரிப் பிராணிகளுக்குச் செம்பு விஷம் என்று என்னிடம் சொன்னார். நான் இவரிடம் அடுக்களையில் சொன்னேன். "மாமாவுக்குத் தெரிய வேண்டாங்க. குளிர்ல செத்துப்போச்சுன்னே இருக்கட்டும்" என்று கெஞ்சிக்கூடச் சொன்னேன்.

மறுநாள் இவர் ஆபீசில் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டு எரிச்சலோடு வந்தார். மாமனார் குழாயடியில் உட்கார்ந்து பம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்று மின்னியது. அதைத் தூக்கிக் காட்டி, "பாருல, புதுசாட்டம் ஆக்கிட்டேன். இன்னொரு சோடி மீன் வரச்சொல்லு" என்றார்.

"எதுக்குப்பா? அதையும் கொல்லவா? உங்க பித்தளைதான் எல்லாத்தையும் கொன்னுச்சு!"

அட பாவி மனுஷா, அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கக் கூடாதா! மாமனார் கையில் ஒட்டியிருந்த புளியை ரொம்ப நேரம் கழுவினார்.

விடிந்ததும் டிக்கெட் கேட்டார். இந்த முறை பேச்சோடு நிற்கவில்லை, பெட்டியையும் கட்டிவிட்டார். இவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், காலைக்கூடப் பிடித்தார். "உம்மேல கோவம் இல்லல" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாரே தவிர, இருக்கச் சம்மதிக்கவில்லை. குளிர் போனதும் வாருங்கள் என்று ஸ்டேஷனில் நான் சொன்னேன். "பாப்போம்மா" என்றார். அடுத்த குளிருக்குள் தந்தி வந்துவிட்டது. தனியாகத்தான் இருந்திருக்கிறார். தூக்கத்தில் போயிருக்கிறார். எதற்குப் பயந்து தில்லிக்கு அழைத்து வந்தோமோ, அதுவே நடந்துவிட்டது. அவர் எங்களோடு இருந்திருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னமும் தீரவில்லை.

காரியம் முடிந்த அன்று, அவரோடு சுங்க ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த மீனெல்லாம் எப்படி இருக்கு? உங்கப்பா தெனமும் அந்தப் பேச்சுதான். 'எம் மவன் எனக்காகத் தில்லிக்கே கடலக் கொண்டாந்து வச்சிருக்கான். மீனு சும்மா துள்ளுது. அந்தப் பாழாப்போன குளிருதான் எனக்கு ஒத்துக்கல'ன்னு, பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லுவாரு."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி," என்றார்.